ஊரடங்கு மாசத்துக் கணக்கு: எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது?



கூட்டமைப்புக் கூட்டத்தில் சிக்கனம் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், யாராவது ஒருவர் "கொரோனா சமயத்துல நாம சமாளிக்கலையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். சமாளித்தோம், உண்மைதான். ஆனால் எப்படிச் சமாளித்தோம், எதைக் குறைத்தோம், யாருடைய சாப்பாடு குறைந்தது என்று உட்கார்ந்து பேசினதே இல்லை. இந்த இதழில் அதைத்தான் பேசப் போகிறோம். ஊரடங்கு முடிந்து பல வருஷம் ஆச்சே, இப்போது எதற்கு என்று நினைக்காதீர்கள். கம்பெனியில் ஆர்டர் இல்லை, ஐப்பசியில் விடாத மழை, வீட்டுக்காரர் வண்டியில் விழுந்து கால் கட்டு என்று ஏதோ ஒரு ரூபத்தில் வருமானம் நின்றுபோகிற மாதம் எல்லா வீட்டுக்கும் வரத்தான் செய்கிறது. அன்றைக்கு எந்தச் செலவில் கை வைப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது, இல்லீங்களா?

அரிசி இருந்தது, குழம்புக்குத்தான் வழியில்லை

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு நம் மாநிலத்தில் 144 போட்டார்கள். அன்று ராத்திரி 12 மணியிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார்கள். அப்புறம் அது நீண்டுகொண்டே போனது. பனியன் கம்பெனி, செங்கல் சூளை, கட்டட வேலை, வீட்டு வேலை, பூக்கட்டுறது, டீக்கடை எல்லாம் ஒரே நாளில் நின்றன. வாரச் சம்பளம் வாங்குகிற வீட்டில் கையில் இருந்தது ஒரு வாரத்துப் பணம், அவ்வளவுதான்.

உதவி வராமல் இல்லை. அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ரேஷனில் அரிசியோடு துவரம் பருப்பு, பாமாயில், சர்க்கரையும் இலவசம். முன்னுரிமை அட்டைகளுக்கு மத்திய அரசின் அரிசி ஆளுக்கு 5 கிலோ கூடுதலாக வந்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு அதே மூன்று மாதமும் 500 வீதம் 1500 ரூபாய் கணக்கில் ஏறியது. தன் கணக்கு ஜன்தன் கணக்கா இல்லையா என்றே தெரியாமல் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றவர்கள் நம்மிலும் உண்டு.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அரிசி 20 கிலோ, கூடுதலாக 20 கிலோ, ஆக 40 கிலோ. ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ உலை வைத்தாலும் மாதத்துக்கு முப்பத்தேழரை கிலோதான் ஆகும். அரிசி மிச்சமே இருக்கும்! பட்டினி என்று சொல்ல முடியாது.

பருப்புக்கு வாருங்கள். அட்டைக்கு 1 கிலோ. அதை 30 நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வரும். ஒரு டீஸ்பூனில் ரெண்டு தடவை அள்ளினால் முடிந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு, முட்டை, கறி, மீன் எல்லாம் சேர்த்துச் சுமார் 85 கிராம் வேண்டும் என்று இருக்கிறது. 85 எங்கே, 8 எங்கே! ரேஷன் பருப்பை மட்டும் நம்பினால் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர்தான் சோற்றில் விழும்.

இதில் இன்னொரு அடியும் விழுந்தது. பள்ளிக்கூடம் மூடியதால் சத்துணவு நின்றது. நம் மாநிலத்தில் சத்துணவில் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை உண்டு, வாரத்துக்கு 5. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 40 முட்டை! அது வீட்டுச் செலவில் என்றைக்கும் எழுதப்பட்டதில்லை. அதனால் அது நின்றபோதும் யார் கணக்கிலும் குறைவாகத் தெரியவில்லை. பிறகு பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுத்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் 1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில்தான்.

முதலில் குறைந்தது யாருடைய தட்டு?

இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பருப்பு 8 கிராம் என்றோம். அந்த 8 கிராமும் நாலு பேருக்கும் சமமாகவா போனது? பானையில் அடியில் நிற்கிற பருப்பை அள்ளி முதலில் பிள்ளைகளுக்கு, அடுத்து அவருக்கு. கடைசியில் நமக்கு மேலே நிற்கிற தெளிவு. முட்டை மூணு இருந்தால் மூணு பேருக்கு. "எனக்கு வேண்டாம், வாய்க்குப் பிடிக்கல" என்று சொல்லிவிடுவோம். குழுக்களில் பேசிப் பார்த்தால், ஊரடங்கில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயைக் குடித்துப் படுத்ததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

இதற்குச் சிக்கனம் என்று பேர் வைப்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். இது கடன். உடம்பிடம் வாங்குகிற கடன். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு குழுவில் 12 பேர் இருந்தால் அதில் 6 பேருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ரத்தம் இல்லாத உடம்பில் போய் மிச்சம் பிடித்தால், படி ஏறினால் மூச்சு வாங்குவதும், தலை சுற்றுவதும், வேலைக்குப் போகாமல் ரெண்டு நாள் படுப்பதும் பின்னாலேயே வரும். ரெண்டு நாள் கூலியைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மிச்சம் பிடித்த முட்டைக் காசு எந்த மூலைக்கு?

ஆகவே வருமானம் குறைந்த மாதத்தில் முதல் வேலை, வயிற்றுக்குப் போகாத செலவு எது என்று தேடுவது. அது எல்லா அடுக்களையிலும் இருக்கிறது. தேடினால்தான் தெரியும்.

வயிற்றுக்குப் போகாத செலவுகள்

கேஸ் முதல் ஆள். ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் இருந்ததால் நாளைக்கு நாலு தடவை டீ, மூணு வேளை அடுப்பு, நடுவில் பிள்ளைகளுக்கு ஏதாவது. ஒன்றரை மாதம் வந்த சிலிண்டர் ஒரு மாதத்திலேயே கை கொடுக்காமல் போனது. உஜ்வாலா இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அப்போது மூன்று சிலிண்டருக்கான பணம் முன்கூட்டியே கணக்கில் வந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. சிலிண்டர் மாட்டுகிற தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். சும்மா எழுதினாலே போதும், அடுத்த சிலிண்டர் ஒரு வாரமாவது கூட ஓடும் என்பது எங்கள் அனுபவம். எத்தனை நாள் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் தீயைக் குறைக்கக் கை தானாகப் போகும்.

பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள், பாதி நேரத்தில் குழைந்துவிடும். குக்கரில் கீழே பருப்பும் மேலே அடுக்குப் பாத்திரத்தில் அரிசியும் வைத்தால் ஒரே ஆவியில் இரண்டும் வெந்துவிடும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைக்க வேண்டும். கொதி வந்த பிறகு பெரிய தீ எரிந்தால் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பாத்திரத்தின் பக்கவாட்டில் தீ ஏறினால் பாதிச் சூடு காற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். டீயைக் காலையில் ஒரே தடவையாகப் போட்டு பிளாஸ்கில் ஊற்றிவிடலாம். மாமனார்களுக்கு இது பிடிக்காது, தெரியும்! பேசிப் பாருங்கள்.

வெயில் காலத்தில் காலை அடுப்பே எரிய வேண்டியதில்லை. நம் பாட்டிமார் செய்ததுதான். ராத்திரி மீந்த சோறு ஆறினதும் மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு மூடி வைத்தால் காலையில் பழைய சோறு. மோர் கொஞ்சம், சின்ன வெங்காயம், முந்தின நாள் குழம்பு. ஊரடங்கு வந்தது சரியாக வெயில் காலத்தில். இதைத் திரும்பக் கற்றுக்கொண்ட வீடுகள் பல. சோறு வடிக்கிற வீட்டில் கஞ்சித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அரிசியிலிருந்து இறங்கின சத்து அதில்தான் இருக்கிறது. உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம், ரசத்துக்கும் ஊற்றலாம்.

எண்ணெய் அடுத்தது. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் தாராளம் என்கிறார்கள் சத்துணவு தெரிந்தவர்கள். நாலு பேருக்கு 2 லிட்டர். அதை ஒரே பாட்டிலில் ஊற்றி வெளியே நாலு கோடு போட்டு வையுங்கள், வாரத்துக்கு ஒரு கோடு. மூணாவது வாரத்திலேயே நாலாவது கோட்டைத் தொட்டுவிட்டால் அப்பளம், வடை, பஜ்ஜி எத்தனை நாள் போட்டோம் என்று அந்தப் பாட்டிலே சொல்லிவிடும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சி மிச்சம் பிடிக்க வேண்டாம், அது உடம்புக்கு ஆகாது. பொரிப்பதையே குறைத்துவிட்டால் மிச்ச எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. 5 ரூபாய் பாக்கெட்! சிப்ஸ், குர்குரே, கலர் கலராக ஏதோ ஒன்று. பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். நச்சரிப்புத் தாங்காமல் ஆளுக்கு ரெண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தோம். நாளைக்கு 20 ரூபாய். மாதத்துக்கு 600 ரூபாய்! நின்றுபோன சத்துணவு முட்டை 40 என்று மேலே சொன்னோமே, ஒரு முட்டை 5 ரூபாய் என்று போட்டால் 40 முட்டைக்கு 200 ரூபாய்தான் ஆகும். இன்றைக்கு 7 ரூபாய் என்றே வைத்தாலும் 280. பாக்கெட்டுக்குப் போனதில் பாதிகூட இல்லை. முட்டை வாங்கக் காசில்லை என்று சொன்ன அதே வீட்டில்தான் இந்த 600 போயிருக்கிறது. கடைக்காரர் கடன் நோட்டில் எழுதுகிறபோது "சில்லறை" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவதால் மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிவதில்லை.

பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லவில்லை. பச்சரிசியை வறுத்து வெல்லம் சேர்த்துப் பொரியரிசி மாவு, நிலக்கடலை வேகவைத்தது, தட்டைப்பயறு சுண்டல், கேழ்வரகுப் புட்டு. நிலக்கடலை உருண்டை ஒன்று கொடுத்தால் சாயங்காலம் வரை கேட்க மாட்டார்கள்.

இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்

பருப்பும் பயறும், முட்டை, கீரை. இந்த மூன்றும் குறையக் கூடாது. விலை ஏறினால் இனம் மாற்றலாம், அளவைக் குறைக்க வேண்டாம்.

துவரம் பருப்புதான் பருப்பு என்ற எண்ணத்தை விட வேண்டும். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை எல்லாம் அதே வேலையைச் செய்கிறவைதான். கொள்ளு இருக்கிறதே, அது ஒன்றே போதும். ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து, தண்ணீரை வடித்தால் ரசம். வெந்த கொள்ளில் பாதியை மிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்தால் துவையல். மீதி பாதியைத் தாளித்தால் சுண்டல். ஒரே கேஸில் மூன்று பதார்த்தம். மாட்டுக்குப் போடுறது என்று நகரத்து மருமகள்கள் முகம் சுளித்த காலம் போய், இப்போது அவர்களே தேடி வாங்குகிறார்கள். மீல் மேக்கர் என்று கடையில் கிடைக்கிற சோயா உருண்டையிலும் எடையில் பாதி புரதம்தான். 100 கிராம் வாங்கி வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நாலு பேர் குழம்புக்குத் தாராளமாக வரும்.

முட்டைக்கு ஒரு கதை உண்டு. 2020 பிப்ரவரி, மார்ச்சில் "கோழி தின்னா கொரோனா வரும்" என்று போனுக்குப் போன் வதந்தி பரவியது. நாமக்கல்லில் பண்ணை விலை ஒரு முட்டைக்கு 2 ரூபாய் அளவுக்கு இறங்கிப்போனது. பண்ணைக்காரர்கள் கண்ணீர் விட்டார்கள். நம் வீடுகளில் என்ன நடந்தது? முட்டை அவ்வளவு மலிவாகக் கிடைத்த நேரத்தில், பயந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருந்தோம்! கொரோனா முட்டையில் வருவதில்லை என்று கால்நடைத் துறையும் டாக்டர்களும் சொல்லச் சொல்லத்தான் மெல்ல வாங்க ஆரம்பித்தார்கள். போனில் வருகிற செய்தியை நம்பி அடுக்களையில் முடிவு எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

கீரைக்குக் காசே வேண்டாம். முருங்கை எந்தத் தெருவில் இல்லை? ரத்தசோகைக்கு முருங்கைக் கீரை நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அதோடு இன்னும் ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வேண்டுமானால் கூடவே புளிப்பு வேண்டும். அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியலாம், ஒரு நெல்லிக்காய் கடிக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேராமல் போய்விடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். ராத்திரி சோற்றை விட்டுவிட்டு டீ குடித்துப் படுத்தவர்கள் இரண்டு வகையிலும் நஷ்டப்பட்டார்கள் என்று இப்போது புரிகிறதா?

காய்கறி பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடப்பதை வாங்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். மலிந்த நேரத்தில் கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி, கத்தரி என்று வத்தல் போட்டு டப்பாவில் வைத்திருந்த வீடுகளுக்கு, சந்தை மூடிக் கிடந்த ஏப்ரலில் வத்தக்குழம்பு கை கொடுத்தது. சென்னையில் கோயம்பேடு மார்க்கெட்டே 2020 மே 5 முதல் செப்டம்பர் 28 வரை மூடிக்கிடந்தது, ஞாபகம் இருக்கும்.

குழுவுக்கு நோட்டு உண்டு, வீட்டுக்கு?

நாம் மினிட் நோட்டு எழுதுகிறோம், ரொக்கப் புத்தகம் எழுதுகிறோம், பேரேடு எழுதுகிறோம். 10 ரூபாய் வித்தியாசம் வந்தால் கூட்டத்தை முடிக்க விடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் ஒரு நோட்டும் கிடையாது. ஏங்க?

2 ரூல்டு நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, சனிக்கிழமை ராத்திரி கையிருப்பு. முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். இலவசமாக வருவதையும் எழுதுங்கள்: ரேஷன் அரிசி இத்தனை கிலோ, பிள்ளைகளின் சத்துணவு இத்தனை வேளை, அங்கன்வாடி சத்துமாவு இத்தனை பாக்கெட். அப்போதுதான் அது நிற்கும்போது எவ்வளவு ஈடு கட்ட வேண்டும் என்று தெரியும். வலது பக்கத்தின் கடைசியில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம்: "நான் சாப்பிட்டது". வாரத்தில் எத்தனை முட்டை, எத்தனை நாள் பருப்பு, எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்தேன். படிக்கிற யாரும் சிரிக்க மாட்டார்கள். நம் சாப்பாடு கணக்கில் ஏறாமல் இருப்பதால்தான் அது முதலில் வெட்டுப்படுகிறது.

சனிக்கிழமை ராத்திரி அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள். பிள்ளைகளை விட்டே கூட்டச் சொல்லலாம். "இவ்வளவா பாக்கெட்டுக்குப் போகுது?" என்று பிள்ளையே கேட்கும்.

சில வீடுகளில் அந்த நோட்டு வேறு ஒன்றையும் காட்டும். 2020-ல் டாஸ்மாக் கடை மார்ச் 24 சாயங்காலம் மூடி மே 7 அன்று திறந்தார்கள். மறுநாளே மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததும் மே 16-ல் சென்னை நீங்கலாக மறுபடி திறந்தது. இடையில் அந்த 43 நாள்! ஒருநாள் விட்டு ஒருநாள் 150 ரூபாய் போகிற வீட்டில் மாதத்துக்கு 2250 ரூபாய் என்று கணக்கு வருகிறது. சம்பளம் இல்லாத மாதத்தில் அது மிச்சமாகக் கையில் வரவில்லை என்பது சரி. ஆனால் இருந்த கொஞ்சப் பணம் கூடுதல் நாள் தாங்கியது. எல்லா வீட்டிலும் நிம்மதி இருந்தது என்று சொல்ல மாட்டோம். கிடைக்காத கோபத்தைப் பெண்டாட்டி மேல் காட்டினவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அந்த 43 நாளில் வீட்டுச் செலவு எவ்வளவு ஆனது, கடை திறந்த அடுத்த 43 நாளில் எவ்வளவு ஆனது என்று எழுதி வைத்திருந்த ஒரு சில பெண்களிடம் எந்தப் பிரச்சாரக் கூட்டத்திலும் கிடைக்காத ஆதாரம் இருந்தது.

தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

நோட்டில் சிவப்பு மையில் எழுத வேண்டியது தவணை. ஊரடங்கில் ரிசர்வ் வங்கி, 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்தது. "ஆறு மாசம் கட்ட வேண்டாமாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

கணக்கு இதுதான். பாக்கி 30,000 ரூபாய், வருஷ வட்டி 24 சதவீதம் என்றால் மாதம் 600. ஆறு மாதத்துக்கு 3,600 ரூபாய் அசலோடு சேர்ந்துகொள்ளும். வட்டிக்கு வட்டியும் போட்டால் சுமார் 3,785. அந்த வட்டிக்கு வட்டியை மட்டும் தகுதியுள்ள கடன்களுக்குத் திருப்பிக் கொடுக்க மத்திய அரசு 2020 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதாவது இந்தக் கணக்கில் திரும்பி வருவது 185 ரூபாய்! 3,600 நம் தலையில்தான். கட்ட வழியே இல்லாதவர்களுக்குத் தள்ளிவைப்பு பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் 600 வட்டியையாவது கட்ட முடிந்தவர்கள் கட்டியிருந்தால் அசல் ஏறாமல் நின்றிருக்கும். இனி எந்தத் தள்ளிவைப்பு வந்தாலும் "வட்டி ஓடுமா?" என்று முதலில் கேளுங்கள்.

அரிசி, பருப்புக்காக வெளியில் வாங்குகிற கடன் இன்னும் மோசம். நூற்றுக்குப் பத்து என்று வாங்கினால் 5,000 ரூபாய்க்கு மாதம் 500 வட்டி. அதே 5,000 குழுவில் உள்கடனாக நூற்றுக்கு ஒன்று என்று எடுத்தால் 50. மீதி 450 ரூபாயில் ஒரு குடும்பத்துக்கு மாதம் முழுக்க முட்டையும் பயறும் வந்துவிடும். கந்துவட்டிக்குத் தடை போட்டு நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனால் அவசரத்துக்குப் பக்கத்தில் காசு இருந்தால்தான் அங்கே போகாமல் இருப்போம். அதனால் குழுவின் சேமிப்பு முழுவதையும் பெரிய கடனாகக் கொடுத்துவிடாமல், ஆளுக்கு 2,000 ரூபாய் வீதமாவது சாப்பாட்டு அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைக்கலாமா என்று வருகிற கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பேசித் தீர்மானம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் போட முடியாத நாளில் அதை யார் எடுத்துக் கொடுப்பது, எத்தனை பேர் கையெழுத்து என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். 2020-ல் பல குழுக்களில் வங்கியில் பணம் இருந்தும் கூட்டம் போட முடியாததால் எடுக்க முடியவில்லை.

2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது அட்டைக்கு 2,000 வீதம் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், ஜூனில் 14 மளிகைப் பொருள் அடங்கிய பையும் கொடுத்தார்கள். உளுந்து, கடலைப் பருப்பு, ரவை, புளி, கடுகு, சீரகம், மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், சோப்பு என்று அந்தப் பையில் இருந்ததைப் பாருங்கள். அரிசியைத் தவிர ஒரு அடுக்களைக்கு என்னவெல்லாம் தேவை என்பதற்கு அது ஒரு நல்ல பட்டியல். வேலை இருக்கிற மாதங்களில் வாரம் ஒன்றாக வாங்கி, அதே மாதிரி ஒரு பை கட்டி வீட்டுப் பரணில் வைத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதிதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டு பிடித்துவிடும்.

கேட்டவர்களுக்காக: ரேஷன் அரிசி முருங்கை அடை

சென்ற கூட்டத்தில் அளவு கேட்டார்கள். புழுங்கல் அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர், தட்டைப்பயறு அல்லது கொள்ளு அரை டம்ளர். பயறை முந்தின ராத்திரியே ஊறப்போடுங்கள். அரிசியும் பருப்பும் 3 மணி நேரம் ஊறினால் போதும். காய்ந்த மிளகாய் 6, சோம்பு 1 ஸ்பூன், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். புளிக்கவைக்கத் தேவையில்லை. உருவிச் சுத்தம் செய்த முருங்கைக் கீரை ரெண்டு கைப்பிடி, நறுக்கின வெங்காயம் 2 போட்டுக் கலந்து, தோசைக்கல்லில் கொஞ்சம் கனமாகத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். தட்டு போட்டு மூடிச் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் வேகவிடவும். நாலு பேருக்கு ஆளுக்கு மூன்று வரும். தொட்டுக்கொள்ள வெல்லம் போதும். எல்லோருக்கும் சுட்டுப் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காராமல், முதல் மூன்றை உங்கள் தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள்.